அழுக்குத் தொட்டி

என்னைப் போல வண்டி கழுவ இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. வாயால் சொன்னதில்லை. ஆனால் வேறு கடையில் கழுவிய வண்டியைப் பார்த்தால் மூக்கிலிருந்து ‘ஹூம்’ என்று ஒரு சத்தம் தானாக வரும். என் மனைவி அதைக் கேட்டால், வந்துட்டாருடி கலெக்டரு என்று சிரிப்பாள். அந்த மிதப்புக்கு ஒருநாள் சரியான அடி விழுந்தது. இத்தனை வருடத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

எங்களுக்கு உத்தரகோசமங்கைப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலம். கருவேலம்தான் அதிகம். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேரைப் போல நானும் வளைகுடாவுக்குப் போனேன். ஒன்பது வருடம் ஒரு அரபிக்காரரின் கடையில் கார் கழுவினேன். அங்கேதான் சீட்டு கழுவுகிற நீராவி மெஷினைப் பழகினேன். திரும்பி வந்து, ராமநாதபுரத்துக்கு வெளியே ராமேஸ்வரம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டபோது, அதே மாதிரி ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து தேடிப் பிடித்துக் கொண்டுவந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. வேன் வைத்திருந்தவர்களெல்லாம் சீட்டுக்கு நல்ல துணியாகப் போட ஆரம்பித்திருந்த காலம்.

மெஷின் என் இடுப்பு உயரம்தான் இருக்கும். உள்ளே ஒரு பாய்லர். வெளியே ஒரு நீள ஓஸ், அதன் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய். ஒரு விசையை அழுத்தினால் அந்த வாய் வழியாகக் கொதிக்கும் நீராவி சீட்டுத் துணிக்குள் இறங்கும். இன்னொன்றை அழுத்தினால், இளகிய அழுக்கைத் தண்ணீரோடு சேர்த்து அதே வாய் உறிஞ்சிக்கொள்ளும். மேலே நல்ல தண்ணீர்த் தொட்டி, கீழே அழுக்குத் தொட்டி. அழுக்குத் தொட்டிக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். வேலை முடிந்ததும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, இவ்வளவு நேரம் இதுமேலதான் உக்காந்து வந்தீக என்று காட்டுவேன். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். விளம்பரம் என்று நான் தனியாக எதுவும் செய்ததில்லை.

போர்த் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் பாய்லர் பத்தே நாளில் சுண்ணாம்பு கட்டிப்போகும். அதனால் குடங்குடமாக நல்ல தண்ணீர் வாங்கி ஊற்றினேன். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் இவன் குடிக்கிற தண்ணீரால் வண்டி கழுவுகிறான் என்று ரோட்டில் போகிற பெண்கள் என் காதுபடவே திட்டுவார்கள். நியாயமான திட்டு. தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பேன்.

எனக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வேன்கள். ஜனங்கள் கடலில் முங்கி, கோயிலுக்குள் தீர்த்தக் கிணறு ஒவ்வொன்றிலும் வாளி வாளியாகத் தலையில் வாங்கி, ஈரத்துணியோடு அப்படியே சீட்டில் உட்கார்ந்து விடுவார்கள். கடல் தண்ணீர் மெத்தைக்குள் இறங்கிவிட்டால் லேசில் போகாது. வெயிலில் காய்ந்த மாதிரி இருக்கும், மழைக்காலம் வந்தால் உப்பு மறுபடி ஈரத்தை இழுத்து நாறும். சோப்புப் போட்டுக் கழுவினால் மேல்துணிதான் வெளுக்கும், அடியில் நீராவி போனால்தான் உப்பு விடும். உப்போடு கடற்கரை மணல், கிளிஞ்சல் பொடி, வதங்கின பூ, லட்டுத் தூள். அப்புறம் விபூதி. விபூதி சிந்தாத ஒரு வேனை நான் பார்த்ததில்லை. விபூதியை மிதிக்க எங்களுக்குக் கால் வராது. அதனால் அது கொட்டிக் கிடந்தால் முதலில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வேன், அப்புறம்தான் மெஷினைப் போடுவேன்.

அன்றைக்கு ஆடி அமாவாசைக்கு முதல் நாள். மத்தியானம் மெட்ராஸ் நம்பர் போட்ட ஒரு வேன் வந்தது. டிரைவருக்கு முப்பது வயது இருக்கலாம், தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. ஒரு குடும்பத்தை ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னார். வழியில் கைப்பிள்ளை நடுச் சீட்டில் பால் கக்கிவிட்டதாம். சாயங்காலம் ராமேஸ்வரம் போய்த் தங்கி, விடிந்ததும் முங்க வேண்டும், மூன்று மணிக்கு வண்டி வேண்டும் என்றார். உள்ளே சாமான் எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாப் பையும் இறக்கியாயிற்று என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பரோட்டாக் கடை பெஞ்சில் போய்ப் படுத்துவிட்டார்.

நடுச் சீட்டை முதலில் முடித்தேன். புளித்த பால் நாற்றம் போக ஷாம்பு போட்டு இரண்டு தடவை நீராவி விட்டேன். பிறகு பின் சீட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு பித்தளைச் செம்பு சாய்ந்து கிடந்தது. வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணி அவிழ்ந்து, தரை விரிப்பு முழுக்கச் சாம்பல். பைகளை இழுத்தபோது இடித்துக் கவிழ்ந்திருக்க வேண்டும். நிறம் மங்கலாகத்தான் இருந்தது. வரும் வழியில் ஏதோ கோயில் வாசலில் வாங்கிய மட்டமான விபூதி என்று நினைத்தேன். இவ்வளவு விபூதி வாங்கி என்ன செய்வார்கள், கடை போடவா என்று திட்டினேன். திட்டிக்கொண்டே ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டேன். நறநறவென்று இருந்தது. மணல் கலந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பொடி கிடந்தால் நேராக நீராவி விடக்கூடாது, விட்டால் களி மாதிரி அப்பிக்கொள்ளும். முதலில் உலர உறிஞ்ச வேண்டும். அப்படியே செய்தேன். ஓஸுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. கிளிஞ்சல் போகும்போது அப்படித்தான் கேட்கும். அப்புறம் நீராவி, மறுபடி உறிஞ்சல், இரண்டு சுற்று. விரிப்பு புதுசு மாதிரி ஆனது. அதோடு விட்டிருந்தாலும் செம்பில் ஏதாவது ஒட்டியிருந்திருக்கும். நான்தான் பெரிய சுத்தக்காரன் ஆயிற்றே. தேங்காய் நாரால் செம்பை உள்ளும் புறமும் பளபளவென்று தேய்த்தேன். மஞ்சள் துணியை அலசி, வெயிலில் காயப்போட்டு, மடித்துச் செம்புக்குள் வைத்துப் பின் சீட்டில் நிறுத்தினேன். அழுக்குத் தொட்டியைக் கழற்றிக் கொட்டகைக்குப் பின்னால் கருவேல மரத்தடிப் பள்ளத்தில் கவிழ்த்தேன். மூன்று மணிக்கு டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அரை மணி நேரத்தில் அதே வேன் திரும்பி வந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். கையில் அந்தச் செம்பு. அவளுடைய தாயார் போலிருந்த ஒரு கிழவி நடுச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஏதோ பாராட்டு வரப்போகிறது என்று நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் நேராக என்னிடம் வந்து, வண்டிக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“அண்ணே, இதுல இருந்தத எங்கண்ணே எடுத்து வச்சிருக்கீக? அது எங்க அய்யா.”

வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்து ஆள் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் வேண்டாம். அஸ்தியை ஜனங்கள் புழங்குகிற வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியே மரத்தில் கட்டுவார்கள், இல்லாவிட்டால் வண்டியிலேயே விட்டுவிடுவார்கள். இவர்கள் வண்டியில் விட்டிருக்கிறார்கள். அஸ்தி என்றால் பல டிரைவர்கள் ஏற்றமாட்டார்கள் என்று இந்த டிரைவரிடம் சொல்லவில்லை. மண்சட்டி உடைந்துபோகும் என்று பயந்து செம்புக்கு மாற்றியிருக்கிறாள். சாயல்குடிக்குத் தெற்கே விவசாயம் பார்த்த மனிதராம். மூன்று வருடமாக மெட்ராஸில் மகள் வீட்டில் இருந்து, பத்து நாளைக்கு முன் அங்கேயே இறந்துபோனார். இதெல்லாம் நின்றபடியே சொன்னாள். அவள் பின்னாலேயே இறங்கி வந்த டிரைவர் இதைக் கேட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் போய் உட்கார்ந்துவிட்டார்.

என் கை என்னைக் கேட்காமல் நெற்றிக்குப் போனது. தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தேன். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், செம்பைக் கொடுங்கள் என்றேன்.

பரோட்டாக் கடைக்குப் பின்னால் விறகடுப்புச் சாம்பல் குவிந்து கிடக்கும். அங்கே போய் ஆறிய சாம்பலாகப் பார்த்துத் தோண்டினேன். கண்ணில் பட்ட கரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, பாதிச் செம்புக்கு நிரப்பி, மஞ்சள் துணியைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். பயந்துட்டீகளாக்கும் என்று சிரிக்கவேறு செய்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. த்தூ.

அவள் துணியை அவிழ்த்தாள். விரலை விட்டுக் கிளறினாள். உளுந்து அளவில் ஒரு கரித்துண்டு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அய்யாவக் கரண்டுல எரிச்சோம்ணே. இதுல கரி இருக்காது” என்றாள்.

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தேவலை. அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. எங்கே கொட்டினீர்கள் என்று மட்டும் கேட்டாள். நான் கொட்டகையின் பின்பக்கம் கையைக் காட்டினேன். அவள் திரும்பி வேனைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பள்ளத்தில் தண்ணீரை மணல் குடித்துவிட்டிருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு படிவு மட்டும் நின்றது. ஓரத்தில் ஷாம்பு நுரை இன்னும் அடங்கவில்லை. எலுமிச்சை வாசனையும் புளித்த பால் நாற்றமும் சேர்ந்து அடித்தது. படிவில் அங்கங்கே வெள்ளையாகச் சின்னச் சின்னத் துண்டுகள் தெரிந்தன. தொட்டியைக் கவிழ்த்தபோதும் அவற்றைப் பார்த்தேன். கிளிஞ்சல் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அவள் அடுப்புச் சாம்பலைத் தூரக் கொட்டிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் சேற்றை விரல்களால் வழித்துச் செம்பில் போட ஆரம்பித்தாள். நானும் எதிரே உட்கார்ந்து வழித்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மிட்டாய்த் தாள் வந்தது, தலைமுடி வந்தது, கருவேல முள் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தோம். வெள்ளைத் துண்டுகளை அவளே பொறுக்கினாள். நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

“மூணு வருசமா தெனம் கேப்பாருண்ணே, எப்ப ஊருக்குப் போறோம் ஆத்தான்னு. அடுத்த வாரம் போவோம்யா, அடுத்த வாரம் போவோம்யான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கு லீவு இல்ல. கடைசில ஒரு பழைய ரயில் டிக்கெட்டக் காட்டி, இந்தா எடுத்தாச்சுன்னேன். அத வாங்கித் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாரு. சாகுறவரைக்கும் வச்சிருந்தாரு. நீங்க என்னத்தப் பெரிசாப் பொய் சொல்லிட்டீக.”

நான் மறுபடி சேற்றை வழிக்கக் குனிந்தேன். அவள் அழவில்லை. செம்பு முக்கால்வாசி நிறைந்ததும் போதும் என்று துணியைக் கட்டினாள். நல்ல தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துப் பிடித்தேன். கையையும் செம்பின் வெளிப்புறத்தையும் கழுவிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் செம்பைத் துடைத்து, அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தாள்.

கிழவி கதவோரம் எட்டிப் பார்த்து, இருக்கா என்று கேட்டாள். அய்யா இருக்காரும்மா என்று மகள் செம்பை அவளிடம் நீட்டினாள். கிழவி அதை வாங்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். டிரைவர் வந்து வண்டியைக் கிளப்பினார். கிழவி அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். எல்லாம் தெரிந்துதான் கூப்பிடுகிறாள், காறித் துப்பட்டும் என்று போய் நின்றேன்.

அவள் சீட்டைத் தடவிப் பார்த்தாள்.

“பால் நாத்தம் துளிகூட இல்லப்பா. அவுக கடைசியாப் போற வண்டி. வீட்ட விடச் சுத்தமா ஆக்கிக் குடுத்திருக்க. நீ நல்லா இருப்ப” என்றாள்.

என் கை கழுவாத கை. விரல் இடுக்கிலெல்லாம் அந்தச் சேறு இருந்தது. லுங்கியில் துடைத்துக்கொண்டு அவளைக் கும்பிட்டேன்.