என்னைப் பற்றி விசாரித்தார்கள்

வேலை வாங்கித் தரும் ஏஜென்சி அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு செருப்புக்கடை மாடியில் இருந்தது. அங்கே இருந்த பெண் என் விவரங்களைப் பார்த்துவிட்டு, "உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது சொல்லணும் சார். சொந்தக்காரங்க வேண்டாம்" என்றாள்.

சொந்தக்காரர்கள் இருந்தால்தானே வேண்டாம் என்பதற்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். பரளச்சியில் எனக்கு இருப்பது பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடும், மழை பெய்தால் மட்டும் விளையும் கொஞ்சம் கரிசக்காடும்தான். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. இந்த வேலையும் இல்லையென்றால் காலையில் எழுந்து எங்கே போவது என்றே தெரியாது. பயமாக இருந்தது.

அண்ணாச்சியின் நம்பரைக் கொடுத்தேன். அவருடைய பருப்புக் கடையில்தான் இத்தனை காலமும் இருந்தேன். முழங்கால் வலி முற்றி அவர் கடையை மூடியதால்தான் நான் இந்த மாடிப்படி ஏற வேண்டியதாயிற்று.

அந்தப் பெண் ஸ்பீக்கரில் போட்டாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், என் பெயரைச் சொல்லி, "அவரைப் பத்தி விசாரிக்கணும். ஆள் எப்படி? பழக்கவழக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு போன் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறார்கள். கல்யாணம் என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

அண்ணாச்சி குரலே மாறிவிட்டது.

"தங்கமான பையன்மா. வெத்தல பாக்குகூடக் கெடையாது. வயசு முப்பத்தஞ்சுதான் இருக்கும். ஊர்ல நெலம் கெடக்கு. வேலைக்குப் போயித்தான் சாப்பிடணும்னு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. நம்ம கடைக்குக்கூடச் சும்மா பொழுதுபோக வந்துக்கிட்டிருந்தாரு. எந்த வேலையா இருந்தாலும் நாளைக்கே விட்டுப்புட்டு ராசா மாதிரி உக்காந்து சாப்பிடலாம்."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஏழு வருஷத்தை ஒரே மூச்சில் குறைத்துவிட்டாரே மனுஷன்!

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று அவர் கேட்டபோது போனை நான் வாங்கினேன். "அண்ணாச்சி, நாந்தான். இது வேலைக்கு விசாரிக்கிறாக."

"வேலைக்கா?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பிள்ளகிட்டக் குடுங்க தம்பி" என்றார். இப்போது பேசியது வியாபாரி.

"வேலைக்குன்னா கண்ண மூடிக்கிட்டு எடுங்கம்மா. கல்லாச் சாவிய அவருகிட்டக் குடுத்துட்டுத்தான் வெளியூரு போவேன். இன்னொண்ணு, ஆளு ஒத்தக்கட்ட. ஆத்தா அப்பன் இல்ல, பொண்டாட்டி பிள்ள இல்ல. தீவாளி பொங்கலுக்குக்கூட லீவு கேக்க மாட்டாரு. எந்நேரமானாலும் வீட்ல தேட ஆளில்ல."

"இதத்தான் சார் குடோன்ல கேட்டாங்க" என்று முகம் மலரச் சொன்னாள். விருதுநகர் ரோட்டில் ஒரு குடோன், ஸ்டாக் பார்க்கும் வேலை. திங்கட்கிழமை வரச் சொன்னாள். யாருமில்லை என்பதற்காகவே எனக்குக் கிடைத்த வேலை. சந்தோஷப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அண்ணாச்சியே கூப்பிட்டார்.

"கெடச்சிருச்சா தம்பி?"

"கெடச்சிருச்சு அண்ணாச்சி."

"நல்லது. நாந்தான் அவசரப்பட்டு என்னத்தையோ ஒளறிட்டேன். தப்பா நெனச்சுக்கிறாதீக."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

அவர் போனை வைக்கவில்லை. "ஒங்களப் பத்தி யாராச்சும் கேட்டா இன்னின்னது சொல்லணும்னு ரொம்ப வருசமா நெனச்சு வச்சிருந்தேன் தம்பி. ஒருத்தரும் கேக்கல. இன்னைக்கு அந்தப் பிள்ள கேட்டதும் அம்புட்டையும் சொல்லிப்புட்டேன்."

"பஸ்ஸு வந்துருச்சு அண்ணாச்சி, வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

பரளச்சி பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.