கேக்கின் மேல் எழுதிய பெயர்

மார்லிஸ் டோலஃப்சன் முப்பது வருடம் அமெரிக்காவின் துலூத் நகரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் கை சும்மா இருக்க மறுத்தது. அப்பா எடுத்து விட்டுப்போன புகைப்பட ஸ்லைடு பெட்டிகளை நிலவறையிலிருந்து தூக்கி வந்தாள். சாப்பாட்டு மேசையில் ஸ்கேனரை வைத்து, தூசியை ஊதி, நான்கு நான்காகக் கணினியில் ஏற்றத் தொடங்கினாள். அப்பா தூண்டிலில் பிடித்த மீன்கள், புது கார், படத்தில் தலை வெட்டுப்பட்ட அத்தைமார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் திரையில் ஒரு சின்னப் பெண் வந்தாள். முன்னால் கேக், மூன்று மெழுகுவத்தி, மேலே சர்க்கரையில் 'மார்லிஸ்' என்ற எழுத்து. படத்துக்குப் பெயர் வைக்க வருடம் வேண்டுமே என்று ஸ்லைடின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். படம் கழுவிய இடத்து முத்திரை: ஆகஸ்ட் 1961.

அவள் பிறந்தது 1963 மார்ச்சில்.

முத்திரை பிழையாக இருக்கும் என்று படத்தை மறுபடி பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மரம் பச்சைப் பசேலென்று நின்றது. அவள் பிறந்தநாளுக்கு என்றைக்கும் பனிதான்.

அண்ணன் ஆர்லனுக்குப் போன் போட்டாள்.

"அப்பா பெட்டியா? பாதிப் படத்துல அவர் கட்டைவிரல்தானே இருக்கும்" என்று சிரித்தான்.

"அறுபத்தொண்ணுல மூணு வயசு மார்லிஸ் யாரு, ஆர்லன்?"

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது.

"அந்தப் படத்தையெல்லாம் அம்மா எரிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

"யாருன்னு கேட்டேன்."

"உனக்கு அக்கா. அந்த செப்டம்பர்ல படகுத்துறையிலருந்து ஏரியில விழுந்துட்டா. எனக்கு எட்டு வயசு. நீ பொறந்ததும் அம்மா அதே பேரை வச்சாங்க. 'திரும்பி வந்துட்டா, இனிமே யாரும் அதப் பேசக் கூடாது'ன்னாங்க. நாங்க பேசல."

"சர்ச்சுல நான் பெஞ்சு மேல ஏறிப் பாடினேன்னு சொல்வாங்களே?"

"அது அவ."

"நாய் என் காதைக் கடிச்சது?"

மார்லிஸின் கை காதுக்குப் போனது. வடு கிடையாது; சுத்தமாக ஆறிவிட்டது என்று அம்மா சொல்வாள். அவளும் அப்படியே ஊரெல்லாம் சொல்லி வந்தவள். திரையில் குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கினாள். இடது காது மடலில் ஒரு வெள்ளைக் கோடு.

இரண்டு வாரம் அந்த மேசைப் பக்கமே போகவில்லை.

ஏப்ரலில் பனி கரைந்ததும் ஆர்லன் அவளைக் கல்லறைக்குக் கூட்டிப்போனான். புல்லுக்குள் சின்னக் கல். அவளுடைய முழுப்பெயர், 1958, ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் கல்தான்.

"செத்த வருஷத்தை வெட்ட அம்மா விடல" என்றான் ஆர்லன்.

மறு வாரமே அந்த வருடத்தை வெட்டச் சொல்லிக் கல் செதுக்குபவரிடம் போனாள். படிவத்தில் அவள் போட்ட கையெழுத்தையும், கல்லில் உள்ளதாக எழுதிய பெயரையும் பார்த்துவிட்டு அவர் தயங்கினார்.

"இது உங்களுக்கா?"

"இல்ல, என் அக்காவுக்கு" என்றாள்.

மீதிப் பெட்டிகளை ஜூனுக்குள் முடித்தாள். சில அட்டைகளில் முத்திரையே இல்லை. அந்தப் படங்களில் இருப்பது இரண்டு பேரில் யார் என்று ஆர்லனுக்கும் சொல்லத் தெரியவில்லை.