பால்மா டின்னில் ஒட்டிய தாள்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் கரப்பான் தொல்லை தாங்கவில்லை. போரிக் பவுடரோடு கோதுமை மாவும் சீனியும் கலந்து மூலைகளில் தூவினேன். மிச்சத்தைப் பால்மா டின்னில் போட்டு, 'விஷம், தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தத் தாளைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் மாலை பதுளையிலிருந்து பஸ்ஸில் வரும்போது அம்மா போன் பண்ணினார்.

"பக்கத்து வீட்டு ராணி ரொட்டி சுட மாவு கேட்டுச்சுப்பா. பால்மா டின்ல இருந்ததக் குடுத்துட்டேன். நீ வரும்போது மாவு வாங்கிட்டு வா."

"அம்மா, அது..." என்பதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவே இல்லை. பசறைக்கு முன்னால் மண் சரிந்து பஸ்ஸும் நின்றது. இறங்கி ஓடினாலும் தோட்டம் ஆறு மைல். ராணி அக்காவின் இரண்டு பிள்ளைகளும் தட்டோடு அடுப்படியில் உட்கார்ந்திருப்பதுதான் கண்முன் நின்றது.

இறங்கி ஓடி, ஒன்றரை மணி நேரம் கழித்து மூச்சிரைக்க ராணி அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். மாவு கிண்ணத்தில் அப்படியே இருந்தது.

"மாவுல சீனி மினுங்குது தம்பி. இதுல ரொட்டி சுட்டு காரச் சம்பலோட வச்சா எங்க வீட்டுக்காரரு என்னய வெரட்டிருவாரு!" என்று சிரித்தார்.

அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, டின்னைத் தூக்கிக் காட்டி அம்மாவிடம் கத்தினேன். "இவ்வளவு பெருசா எழுதியிருக்கேனே, பாக்கலியா?"

"பாத்தேன்பா. எம்புள்ள எழுத்து எவ்வளவு அழகுன்னு ரொம்ப நேரம் பாத்தேன். என்னா எழுதியிருக்குன்னு நீ சொல்லலியே."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாளை ஒட்டியபோது அவர் என் நினைவுக்கு வரவே இல்லை.