மலைக்கோட்டையில் வாய் திறக்காத மகள்

பிற்பகல் மூன்றேகால் மணிக்கு மகளைக் கூப்பிட்டோம். அவள் வரவில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில், சாமி இல்லாத கோயிலின் முன்மண்டபத்தில் நானும் என் கணவரும் நின்றுகொண்டிருந்தோம். அவர் இரண்டாம் முறை கூப்பிட்டார். காற்று அவர் குரலை வாயோடு பிடுங்கிக்கொண்டு போனது.

இது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. இன்று மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். இருந்தும், விடுமுறைக்கு அவள் வரும் பஸ் கொஞ்சம் தாமதமானால் எனக்கு அந்தப் பாறைதான் கண்ணில் நிற்கிறது. எங்களுக்குப் பிறந்து தங்கியது அவள் ஒருத்திதான்.

அந்த நாளைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விடுமுறை நாள் வந்தால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் மூவரும் பழைய இடம் ஏதாவது பார்க்கப் போவோம். புளிச்சோறும் துவையலும் தூக்கில் இருக்கும். பையில் இரண்டு புத்தகம். நூலகத்தில் எடுத்த வரலாற்றுப் புத்தகம் அவருக்கு. கோயில் வாசலில் விற்கும் தலபுராணம் எனக்கு. போன இடத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து அவர் சில பக்கம் படிப்பார், நான் சில பக்கம் படிப்பேன். ஒரே கல்லுக்கு இரண்டு கதை இருக்கும். அவருடைய கதையில் ராஜா வரி போட்டிருப்பார். என்னுடையதில் அதே ராஜாவுக்குக் கனவில் பெருமாள் வந்திருப்பார்.

"ரெண்டுல எதும்மா நெசம்?" என்று மகள் கேட்பாள்.

"கனவு கண்டுட்டு எந்திரிச்சு வரி போட்டிருப்பாரு" என்பார் அவர்.

படித்து முடித்ததும் மௌனம். யாரும் பேசக் கூடாது. அவரவர் போக்கில் சுற்றிப் பார்க்கலாம், ஒரு தூணருகே உட்காரலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம். பேசிக்கொண்டே பார்த்தால் கல்லும் தெரியாது, கடவுளும் தெரியாது என்பது அவர் கட்சி. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் வாய் மூடினால் எனக்கு உள்ளே ஒரு சந்தை கூடிவிடும். அடுப்பை அணைத்தோமா, பால்காரர் வந்து திரும்பிப் போயிருப்பாரா, பின்கதவுத் தாழ்ப்பாள் போட்டோமா. அப்படியே இருந்து இருந்து, கடைசியில் சற்று நேரம் அந்தச் சந்தையும் கலையும். அந்தச் சற்று நேரத்துக்காகத்தான் நான் போனேன்.

மகளுக்கு இது போட்டி. மௌனத்தை முதலில் உடைக்காதவர் அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். அவளுக்குத் தரங்கம்பாடிக்குப் போய்க் கடலோரக் கோட்டையைப் பார்க்க ஆசை. அவள் கடல் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போவாள். தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் மட்டும் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டாள். தூணில் ஆள் உயரத்துக்கு நிற்கும் சிலைகளின் விரல் நகத்தைக்கூட எட்டிப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி சுற்றிச் சுற்றி வந்தாள். அப்போது இவர், "சரி, போதும்" என்றார். அவள் குதித்துக்கொண்டு, "அப்பா, நான் ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினாள்.

"போதும்னு ஒங்கம்மாகிட்டதான சொன்னேன். ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் இவர்.

அவள் பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதாள். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த தடவ நீங்க என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன். மலையவிட்டு எறங்குற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க தலகீழா நின்னாலும் சரி."

அந்த அடுத்த தடவைதான் மலைக்கோட்டை. பெருநாளுக்கு மறுநாள், விடுமுறை. பாறையில் வெட்டிய படிகளில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பேகம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் புதுத்துணியோடு, சோற்றுச் சட்டிகளைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தன. மேலே போய்ச் சாப்பிட்டோம், படித்தோம். கோட்டையைப் பலப்படுத்திய காலத்தில் இங்கிருந்த சாமியையும் அம்மனையும் கீழே ஊருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள் என்று என் புத்தகத்தில் இருந்தது. கருவறை இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு மௌனம் தொடங்கியது. மகள் எங்களைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாள். பின்பக்கம் போனவள்தான்.

மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகு நான் சொன்னேன்: "அவ பேச மாட்டா. சவால் விட்டுருக்கால்ல."

"கூப்புட்டா வரக்கூடவா மாட்டா?"

"எப்பிடி வருவா? ஏமாத்துறீங்கன்னுதான் நெனப்பா. நீங்க தாடிக்கொம்புல பண்ணுன கூத்துதான்."

"இப்ப அதப் பேசுற நேரமா? நீ இந்தப் பக்கம் பாரு, நான் பீரங்கி மேட்டுப் பக்கம் போறேன்."

அதுவரை எனக்கு அந்தப் பாறை அழகாகத்தான் இருந்தது. வழுவழுவென்று, ஒரு புல்லும் இல்லாமல், வானத்தின் கீழே மல்லாந்து கிடக்கும் பாறை. இப்போது அதன் ஒவ்வொரு சரிவும் ஒரு பிள்ளை வழுக்கிப் போகிற இடமாகத் தெரிந்தது. மதிலில் பீரங்கி வைக்க விட்டிருந்த இடைவெளிகள் சரியாக அவள் உயரத்துக்கு இருந்தன. ஒவ்வொன்றிலும் தலையை நீட்டிக் கீழே பார்த்தேன். கீழே ஓட்டுக் கூரைகள், தோல் பதனிடும் இடங்களின் முற்றங்கள், நாகல் நகர்ப் பக்கம் போகும் குதிரை வண்டிகள். எங்கும் கூட்டம் கூடவில்லை. யாரும் மேலே பார்த்துக் கை காட்டவில்லை. அதையே ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு அடுத்த இடைவெளிக்கு ஓடினேன்.

பாறைப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிய சுனை ஒன்று இருந்தது. பச்சையாக, அடி தெரியாமல் கிடந்தது. பக்கத்தில் நான்கைந்து வாலிபர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, பச்சப் பாவாட கட்டுன புள்ள ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?"

"பீரங்கிக்குள்ள பாத்தீகளாக்கா? அதுக்குள்ளதான் புள்ளைக ஒளியும்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவன் என் முகத்தைப் பார்த்தான். சீட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். "ஏலே, எந்திரிங்கடா. அக்கா, பேரு என்ன, சொல்லுங்க. நாங்க கூப்புடுறோம்."

"கூப்புட்டாப் பேச மாட்டா, தம்பி."

"ஊமையா?"

"இல்ல. பேச மாட்டேன்னு இருக்கா."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தும் ஓடினான். ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுனையில் இறங்கினான். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது. குறுக்கும் நெடுக்கும் நடந்து காலால் துழாவினான். "இங்க இல்லக்கா, இங்க இல்ல" என்று அவன் சொன்னபோது நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எதற்கோ கோயிலுக்குத் திரும்பி ஓடினேன். அவள் திரும்பி வந்து எங்களைக் காணாமல் நிற்கிறாளோ என்று. இல்லை. கருவறைக்குள் போய்ப் பார்த்தேன். இருட்டும் வௌவால் நாற்றமும். பீடம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தே கும்பிட்டேன். "எம்புள்ளையக் குடு" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அடுப்பு, பால், தாழ்ப்பாள் எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தன. இத்தனை வருடம் எத்தனையோ மண்டபங்களில் கண்மூடி உட்கார்ந்து நான் தேடியது இதைத்தான்: மனத்தில் ஒன்று மட்டும் இருப்பது. அது அன்று முழுதாகக் கிடைத்தது. மனம் ஒருமுகப்படுவது என்பது அதுதான் என்றால் அது எனக்கு வேண்டாம். சந்தையே போதும். அன்று முதல் கோயிலில் பால்கணக்கு ஞாபகம் வந்தால் நான் என்னைக் கடிந்துகொள்வதில்லை. வீட்டில் எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

வெளியே வந்தபோது என் கணவர் மண்டப வாசலில் நின்றிருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் தொண்டை கட்டிப்போயிருந்தது. "ஆயுத அறை அம்புட்டும் பாத்துட்டேன்" என்றார். அவர் கை என் தோளைப் பற்றியது. வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை. அதனாலேயே எனக்குப் பயம் இன்னும் கூடியது.

அப்போதுதான் மேற்குப் பக்கத்துச் சரிவிலிருந்து அந்த அம்மாள் ஏறி வந்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். வெள்ளைத் துப்பட்டி காற்றில் படபடக்க, ஒரு கையால் அதைத் தலையோடு பிடித்துக்கொண்டு, மறு கையில் என் மகளைப் பிடித்திருந்தார்கள். மகளின் உதட்டோரம் நெய்ச்சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. என்னைத் தொலைவில் பார்த்ததும் அவள் ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். நான் இருந்த இடத்திலேயே நின்று வாய்விட்டு அழுதேன். அவள் விரல் கீழே இறங்கியது.

"அம்மா!" என்று ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "எதுக்கும்மா அழுகுற? நான் அந்தப் பக்கம் நெழல்லதான் இருந்தேன். அப்பா சும்மாவாச்சும் கூப்புடுறாருன்னு நெனச்சேன். அம்மா, அழுகாதம்மா."

அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார்கள். "யா அல்லா! இது பேசுது!" என்றார்கள். மூச்சு வாங்கியது. "ஏம்மா, இது ஒங்க புள்ளையா? அந்தப் பழைய வெடிமருந்துக் கிடங்குப் பக்கம் தனியா ஒக்காந்துருந்துச்சு. பேரக் கேட்டேன், ஊரக் கேட்டேன், தலையத் தலைய ஆட்டுச்சு. காது கேக்குது, வாய் வரலையேன்னு மனசு பொறுக்கல. கூட்டிப்போயிச் சோறு குடுத்தேன். தலையில கைவச்சு ஓதி ஊதிவிட்டேன். பொறவு, தேடுவாகளேன்னு கூட்டியாந்தேன்."

என் கணவர் கைகூப்பினார். பேசாதிருப்பது எங்கள் வழக்கம், ஒரு போட்டி, தாடிக்கொம்பு என்று அந்தக் கட்டிப்போன தொண்டையில் எதையெதையோ விளக்கினார். நான் மகளின் தலையையும் முதுகையும் தடவிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டார்கள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் முந்தானையால் மகளின் உதட்டோரப் பருக்கையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்கள்:

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பேச்சு வரணும்னு அல்லாகிட்டக் கேட்டேன், வந்துருச்சு. இனிமே ஓயாமப் பேசுனா என்னைய வையாதீக."