“ஒரு வார்த்தையும் பேசாதீங்க, செல்வம்!”

ஒருவர் இன்னொருவரை வாயை மூடச் சொல்வது இத்தனை பயங்கரமாக இருக்குமா? கொஞ்ச நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் மாடியில், ஞாயிறுதோறும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு முதலுதவி வகுப்பு. நடத்துபவர் என் நண்பர் ரவீந்திரன். நான் நாற்காலி போடுவது, டீ ஊற்றுவது என்று எடுபிடி.

ரவீந்திரன் முன்பு ராணுவத்தில் மருத்துவ உதவியாளர். ஆப்கானிஸ்தானில் போர் நடந்தபோது அங்கே மருத்துவ முகாமில் வேலை பார்த்தவர். திரும்பி வந்து சட்டம் படித்தார். இப்போது அரசாங்க வக்கீல், அதாவது குற்றம் சாட்டுகிற தரப்பு. வாரம் முழுக்க கோர்ட். ஞாயிறானால் காயத்துக்குக் கட்டுப் போடச் சொல்லித் தருவது. “ஒரு நாளாவது ரெஸ்ட் எடுங்களேன் ரவி” என்றால், “சும்மா இருந்தா பழசெல்லாம் ஞாபகம் வரும்லா” என்பார். அதற்குமேல் என்ன கேட்பது?

அன்றைக்கு வகுப்பு தொடங்கும் நேரம். செல்வம் வந்து நின்றார். புதுக்கோட்டைக்காரர், கட்டுமான ஊழியர், கிராஞ்சியில் டார்மிட்டரி என்கிற ஊழியர் விடுதியில் வாசம். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குக் கண்ணெல்லாம் சிவந்து...

“சார், எங்க டார்ம்ல சண்டை. ஒருத்தன் படியில உருண்டு மண்டைய ஒடச்சுக்கிட்டான். நான்தான் தள்ளிவிட்டேன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க. என் சட்டையில வேற ரத்தம். உண்மையில என்ன நடந்துச்சுன்னா...”

“நிறுத்துங்க!”

ரவீந்திரன் குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை.

“ஒரு வார்த்தையும் பேசாதீங்க, செல்வம். உங்க மேல கேஸ் போடற ஆபீஸ்ல வேலை பார்க்கிறவன் நான். இப்ப நீங்க எங்கிட்ட சொல்றது நாளைக்கு உங்களுக்கே எதிரா திரும்பலாம். ஒரு வக்கீலைப் பாருங்க. அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க.”

“சார்... நீங்க எங்க ஆளுன்னுல்ல நெனச்சேன்?”

செல்வம் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓர் ஆளைப் பிடிப்பது லேசா? பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். “வீட்டுக்காரி மாசமா இருக்கு அக்கா. என்னைய ஜெயில்ல போட்டுட்டா?” என்று அழுதார். அந்த வாரமே இலவசச் சட்ட ஆலோசனைக்கு அழைத்துப் போனேன். இளம் பெண் வக்கீல் ஒருவர் கேஸை எடுத்துக்கொண்டார்.

பிறகு காத்திருப்பு. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுப்பேன்.

ரவீந்திரனோ மறுநாளே தன் மேலதிகாரியிடம், ‘இவர் எனக்குத் தெரிந்தவர், இந்தக் கேஸ் பக்கம் நான் வர மாட்டேன்’ என்று சொல்லிவிட்டார். “நீங்களும் எங்கிட்ட எதையும் சொல்லாதீங்க” என்று எனக்கும் கண்டிப்பு. ஆனால் மனிதர் பட்ட பாடு! ஆங் மோ கியோ காப்பிக்கடையில் ஒரு நாள், காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அங்க போர் முகாம்ல அடிபட்டு வர்றவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு நாங்க கேட்டதில்ல. முதல்ல ரத்தத்தை நிறுத்து, அவ்வளவுதான். இங்க ஒருத்தன் என் கண்ணு முன்னாடி ஒடஞ்சு போறான். நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்.”

செல்வம் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும். அதை இவரிடம் சொல்ல முடியுமா?

போன வாரம் தகவல் வந்தது. அடிபட்டவர் தேறி, போலீஸிடம் பேசிவிட்டார். தள்ளியது வேறொருவர். தலையை அசையாமல் பிடித்து, ரத்தத்தை அழுத்தி நிறுத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை கூட இருந்தவர்தான் செல்வம்! அவர்மேல் நடவடிக்கை இல்லை.

இந்த ஞாயிறு செல்வம் வகுப்புக்கு வந்தார். ரவீந்திரன் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

“அன்னைக்கு உங்களத் திட்டாத திட்டில்ல சார்” என்றார் செல்வம். “அப்புறம் வக்கீலம்மா சொன்னாங்க... அந்த எடத்துல உங்களப் பேசவிடாம தடுத்த ஆளுக்கு மொதல்ல நன்றி சொல்லுங்கன்னு.”

ரவீந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “வீட்ல எப்படி இருக்காங்க?” என்று கேட்கத்தான் முடிந்தது.

வேண்டியவர் என்றால் நாம் சொல்வதையெல்லாம் கேட்பார் என்றுதான் நினைக்கிறோம். காதைப் பொத்திக்கொள்பவரும் வேண்டியவர்தான்... அது புரிவதற்குள் உயிர் போய் உயிர் வந்துவிடுகிறது!