மாலை வேண்டாம், பந்தைத் தாருங்கள்

முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. யாரும் இடிக்கவில்லை, பக்கத்தில்கூட ஆள் இல்லை. பந்தோடு திரும்பினேன், உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை.

குருநகரில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் முன்கள வீரன் நான். கீழ்ப் பிரிவுக் கழகம்தான். பேப்பரில் எங்கள் பெயர் வந்தால் பிழையாகத்தான் வரும். பகலில் படகு எஞ்சின் திருத்துவேன், பின்னேரம் கோல் அடிப்பேன். இரண்டாவதுதான் என் தொழில் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் கை கால் பிசகினால் முதலில் நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியாரிடம் போய்ப் புக்கை (மூலிகையை அவித்துக் கட்டும் பற்று) கட்டுவோம். முறிந்த எலும்பு அதில் பொருந்தியதை நானே கண்டிருக்கிறேன். எனக்கோ எலும்பு முறியவில்லை. வீக்கம் வற்றியதும் சுகம் என்று கழகமே முடிவுகட்டியது, நானும்தான். அரையிறுதியில் இறங்கினேன். அதே திருப்பம். இந்த முறை தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் காந்தப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுத்தார்கள். முன்சிலுவை நார் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைத்திருப்பது) முழுதாக அறுந்திருந்தது. இரண்டாம் முறை விழுந்ததில் சவ்வும் (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருப்பது) கிழிந்திருந்தது. இதே வலியோடு வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வீக்கம் வற்றுவது வேறு, சுகமாவது வேறு.

ஒப்பரேசன் செய்தால் நடக்கலாம், வேலை செய்யலாம் என்றார் மருத்துவர். பந்து விளையாடலாமா என்று கேட்டேன்.

"வயசு முப்பத்தைஞ்சு. விளையாடினது காணும்தானே, இனி விடலாமே?"

"வெட்டினது காணுமெண்டு ஆரும் சொன்னால் நீங்கள் விட்டிடுவியளோ, டொக்டர்?"

சிரித்தார். உத்தரவாதம் தரமுடியாது என்றார். நான் கேட்டதும் உத்தரவாதம் அல்ல.

தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து முழங்காலுக்குள் கட்டினார்கள். தொடை சூம்பிப் போனது. காலை மடக்கும் பயிற்சியில் குழந்தைபோல் அழுதிருக்கிறேன். என் மனைவி ஜசிந்தா பார்க்காததுபோல் மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் மட்டும், பந்து உங்களுக்குச் சோறா போடுகிறது என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு அவளே என் குதியைப் பிடித்து மடக்கத் தொடங்கினாள். அவளுக்கு இரக்கம் குறைவு. அதனால்தான் கால் மடங்கியது.

கோயில் திருநாளில் எங்கள் ஊரில் கலியாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் இடையே ஆட்டம் நடக்கும். அதற்கு முன் எனக்கு மாலை போட்டு ஓய்வு கொடுக்கக் கழகம் தீர்மானித்திருந்தது. என்னைக் கேட்கவில்லை. மாலையோடு வந்த செயலாளரிடம், செத்தால் போடுங்கள் என்று சொல்லிவிட்டு மைதானத்தில் இறங்கினேன்.

பந்து வந்தது. எதிரே நின்ற பெடியன் ஒதுங்கினான். அடுத்தவன் தடுக்கி விழுவதுபோல் விழுந்தான். கோல் காப்பவன் நேரத்தோடே மற்றப் பக்கம் பாய்ந்துவிட்டான். கோல் வெறுமையாகக் கிடந்தது. சனம் கைதட்டத் தொடங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கோல் கோட்டுக்கு முன்னால் பந்தை மிதித்து நிறுத்தினேன்.

"வந்து பறியுங்கோடா. இல்லாட்டி நான் அடிக்கமாட்டன்."

முதலில் ஒதுங்கிய பெடியன் ஓடி வந்து தோளால் இடித்தான். விழுந்தேன், அதே முழங்காலில். சனத்துக்குள் இருந்த ஜசிந்தா எழுந்து நின்றாள். முழங்கால் தாங்கியது. பந்து போய்விட்டது.

முன்பெல்லாம் நினைப்பதற்கு முன்பே என் கால் போய்விடும். இப்போது நினைப்புக்கும் காலுக்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது. எந்தச் சிகிச்சையும் அதை எடுக்காது. அந்தக் கணத்துக்குள் விளையாடப் பழகிக்கொண்டிருக்கிறேன். அன்று எனக்குக் கோல் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் பந்தோடு நான் திரும்பியபோது அந்தப் பெடியன் எங்கே கோல் விழுந்துவிடுமோ என்று பயந்துபோய் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.