ஜன்னலும் சுவர்தான்

நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் ஹைரம் டோலிவர் சுவரை அளப்பார். ஜன்னல் வந்தால் நாடா நிற்காது. வெற்றிடத்தின் குறுக்கே நேராகப் போய் மறுபக்கச் சுவரைத் தொடும். ஒஹையோ ஆற்றங்கரையில் பூச்சு வேலை செய்கிற எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கூலி பரப்புக் கணக்கு; ஜன்னலையும் கதவையும் கழிப்பதில்லை. சாந்து மிச்சமாகும், உண்மை. ஆனால் ஜன்னலைச் சுற்றி ஓரம் பிடிக்கிற நேரத்தில் ஒரு முழுச் சுவரைப் பூசி முடித்துவிடலாம்.

ஓரம் பிடிக்கும்போது மட்டும் சர்ச் பாட்டு ஒன்றைச் சீட்டியடிப்பார். ராகம் ஒரு நாளும் சேர்ந்ததில்லை. மதியம் ரொட்டியோடு பச்சை வெங்காயம், ஆப்பிளைப் போலக் கடித்து.

பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்து மரியெட்டாவில் ஓட்டல் கட்டியவருக்கு இந்த வழக்கம் தெரியாது. ஒப்பந்தத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத வேண்டும் என்று ஹைரமுக்குத் தோன்றவே இல்லை. சுவர் செங்குத்தாக இருக்கும் என்று யாராவது எழுதிவைப்பார்களா? ஹைரம் பூசி முடித்ததும் ஓட்டல்காரர் கூலியில் எல்லா ஜன்னலையும் கழித்துவிட்டார்.

ஹைரம் விட்டுவிடத்தான் பார்த்தார். மனைவி லிடியா விடவில்லை.

"ஓட்டையச் சுத்தி ஓரம் புடிச்சது யாரு, பிசாசா? வீட்ட வச்சாவது வழக்குப் போடு."

வீட்டை அடமானம் வைத்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தோற்றார்கள். வழக்கு வாஷிங்டனுக்கு, உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அங்கும் தோற்றால் வீடு போய்விடும்.

ஊருக்கு நல்ல வேடிக்கை. சவரக்கடை ஆம்ப்ரோஸ் கத்தியைத் தீட்டியபடியே கேட்பார்: "மேஸ்திரி, உன் வாயையும் கன்னத்தோட சேத்துக் கூலி போட்டுக்கவா?"

"போட்டுக்க. அதச் சுத்தித்தான எப்பவும் என்னை வெட்டிடுற."

குளிர்காலத்தில் லிடியாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. படுக்கையிலும் வாஷிங்டனிலிருந்து தகவல் வந்ததா என்றே விசாரித்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. உறைந்த ஆறு உருகுமுன் போய்ச்சேர்ந்துவிட்டாள்.

ஏப்ரலில் ஹைரம் மெதடிஸ்ட் சர்ச்சில் சாரத்தின் மேல் நின்று ஓரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் தந்தியோடு ஓடிவந்தார்.

"சாந்து இறுகுது, இரு" என்றார் ஹைரம். மூலை கூராகும் வரை திரும்பவில்லை. பிறகுதான் படிக்கச் சொன்னார்.

"ஜன்னலும் சுவர்தானாம், மேஸ்திரி. வீடு உன்னுதுதான்."

"எல்லா நீதிபதியுமா?"

"ஒருத்தர் பாக்கியில்ல."

ஹைரம் கரணையைக் கழுவி வைத்தார். இன்னும் பூசாத அடுத்த ஜன்னலுக்குப் போய், அந்த வெற்றிடத்தில் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தார். கை குலுக்கலாம் என்று ஆம்ப்ரோஸ் சாரத்தில் ஏறினார். ஹைரம் முன்பே ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் லிடியா உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார். ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றபடியே இருந்தார்.